வாசகர் கேள்வி-பதில்: ஆஸ்திரேலியாவின் நூறு மீட்டர் யூகலிப்டஸ்

போன இதழில் ஒரு வாசகர், உலகத்தில் மிக உயரமாக வளரும் மரங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பட்டியலில் ஆஸ்திரேலியாவின் மவுண்டன் ஆஷ் என்ற மரத்தையும் சேர்த்து, ‘இதுவும் ஒரு யூகலிப்டஸ்தான், நூறு மீட்டர் வரை போகும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் பார்த்தால் பாதிப் பேர் நம்பவே இல்லை. மீதிப் பேருக்கு யூகலிப்டஸ் என்ற பெயரைக் கேட்டதுமே கோபம். அதனால் சினிமா, ஜோசியம், முட்டி வலி கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இந்த மரம்தான்.

எங்கள் கோத்தகிரியில் திரும்பின பக்கமெல்லாம் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். நானும் ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், நூறு மீட்டர் மரம் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. நீங்கள் சொல்வது அதே மரமா?
– கோத்தகிரி வாசகர்

அதே மரம் இல்லை ஐயா, அதன் பங்காளி. யூகலிப்டஸ் என்பது ஒற்றை மரத்தின் பெயர் கிடையாது. அதில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவிர எல்லாமே ஆஸ்திரேலியாவைச் சொந்த ஊராகக் கொண்டவை. முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்பதும் உண்டு, பாலைவன ஓரத்தில் வறண்ட மண்ணில் பிழைப்பதும் உண்டு, பனி கொட்டும் மலைச்சரிவில் கோணல்மாணலாக வளர்வதும் உண்டு. உங்கள் ஊரில் இருப்பது பெரும்பாலும் புளூ கம் எனப்படும் யூகலிப்டஸ் குளோபுலஸ். 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரிக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. குளிருக்கு விறகு வேண்டுமே, அதற்காகத்தான். நம் சமவெளிகளில் காகித ஆலைக்காக வரிசை வரிசையாக நிற்பவை வேறு இனங்கள்.

மவுண்டன் ஆஷின் தாவரவியல் பெயர் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். ஆஸ்திரேலியா என்றதும் நமக்குச் செம்மண்ணும் கங்காருவும் வெயிலும்தானே ஞாபகம் வரும்? இந்த மரம் அந்தப் பக்கமே போகாது. அந்தக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில், விக்டோரியா மாநிலத்தின் ஈரமான மலைகளிலும், கடலைத் தாண்டி டாஸ்மேனியா தீவின் பள்ளத்தாக்குகளிலும் மட்டும்தான் அது இயற்கையாக வளர்கிறது. மெல்பர்ன் நகருக்குக் கிழக்கே ஹீல்ஸ்வில், மேரிஸ்வில், வார்பர்டன் ஊர்களைச் சுற்றியுள்ள மலைகள், ஜிப்ஸ்லாந்து, தென்மேற்கே ஆட்வே மலை, டாஸ்மேனியாவில் ஸ்டிக்ஸ், ஹுவான் ஆற்றுப் பள்ளத்தாக்குகள், இவ்வளவுதான் அதன் உலகம். பெரும்பாலும் 200 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்குள். வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆழமான மண், பனிமூட்டம், குளிர்காலத்தில் எப்போதாவது வெண்பனி, இத்தனையும் சேர்ந்து அமைந்தால்தான் அது அவ்வளவு உயரம் வளரும்.

மரத்தைப் பார்த்தால் அடியில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு நார் நாராகச் சொரசொரப்பான பட்டை. அதற்கு மேலே வெள்ளையும் சாம்பலுமாக வழவழவென்று ஒரே நேர்கோடு. உரிந்த பட்டைகள் நீள நீளமாக ரிப்பன் மாதிரி கிளைகளில் தொங்கும். கீழே மனிதனைவிட உயரமான மரப்பெரணிகள், இடையில் நம் மலைகளில் சீகை என்று சொல்லும் வாட்டில் மரங்கள், ஓடை ஓரங்களில் மிர்ட்டில் பீச் என்ற பழைய மழைக்காட்டு மரம். நீலகிரியில் யூகலிப்டஸ் தோப்புக்குள் போனால் தரையில் காய்ந்த இலையைத் தவிர ஒன்றும் இருக்காது, இல்லையா? இங்கே அப்படி இல்லை, கால் வைக்க இடமில்லாத அளவு பச்சை.

நூறு மீட்டர் என்பது நிஜமாக அளந்ததா, அல்லது ஊர்ப்பெருமையா? உலகத்தில் இதுதான் முதலிடமா?
– சேலம் வாசகர்

அளந்ததுதான். டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகருக்குத் தெற்கே உள்ள காட்டில் ‘செஞ்சூரியன்’ என்று பெயர் வைத்த மரம் ஒன்று நிற்கிறது. 2008-இல் விமானத்திலிருந்து லேசர் கதிரை விட்டுக் காட்டை அளந்தபோது சிக்கியது. அப்போது நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 2018-இல் மறுபடி அளந்தபோது 100.5 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 330 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதன் தலைமேல் இன்னும் ஒன்பது மாடி கட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. அடுத்த வருஷமே, 2019-இல், காட்டுத்தீ வந்து அடிமரத்தைக் கருக்கிவிட்டுப் போனது. மரம் பிழைத்துவிட்டது.

முதலிடம் என்றால் எல்லா மரங்களையும் சேர்த்துக் கலிபோர்னியாவின் ரெட்வுட்தான் முதலில், அங்கே ஹைபீரியன் என்ற மரம் 115 மீட்டரைத் தாண்டுகிறது. அது ஊசியிலை மரம், பூக்காது. பூக்கிற மரங்களில் செஞ்சூரியன்தான் ராஜாவாக இருந்தது. பிறகு போர்னியோ தீவின் சபா மாநிலத்தில், டானம் பள்ளத்தாக்கில், நம் சால மரத்தின் சொந்தக்காரன் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒருவர் உச்சிவரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டு 2019-இல் அளந்தார்கள். 100.8 மீட்டர். முப்பது சென்டிமீட்டரில் பட்டம் போய்விட்டது! ஆனால் அது சரிவில் நிற்கிற மரம், 100.8 என்பது தாழ்வான பக்கத்திலிருந்து எடுத்த கணக்கு. மேட்டுப் பக்கத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நூறுக்குக் கீழே வந்துவிடும் என்று டாஸ்மேனியா ஆதரவாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய அக்கறை இல்லை, இரண்டுமே நின்றால் சரி.

பழைய கதைகள்தான் இன்னும் சுவாரசியம். 1872-இல் விக்டோரியாவின் வாட்ஸ் ஆற்றுப் பக்கம் விழுந்து கிடந்த ஒரு மரம் 435 அடி இருந்ததாக வனத்துறை ஆய்வாளர் வில்லியம் ஃபெர்குசன் எழுதி வைத்தார், அதாவது 132 மீட்டர். அதை இன்று யாரும் முழுசாக நம்புவதில்லை. 1880-களில் தார்ப்டேல் என்ற ஊரில் வெட்டிச் சாய்த்த மரத்தை ஜார்ஜ் கார்ன்த்வெய்ட் என்ற நில அளவையாளர் அளந்து 375 அடி என்றார், அதாவது 114 மீட்டர். அளப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் என்பதால் இதற்கு ஓரளவு மரியாதை உண்டு. வேடிக்கை என்னவென்றால் 1888-இல் மெல்பர்ன் கண்காட்சியை ஒட்டி, 400 அடி மரத்தைக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்துத் தேடச் சொன்னார்கள். கிடைத்ததில் பெரியது 326 அடி. அதற்குள் நல்ல மரங்களில் பலவற்றை வெட்டியாகிவிட்டதா, அல்லது முன்னால் சொன்ன கணக்கெல்லாம் கொஞ்சம் ஊதினதா என்றால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கும் என்பது என் ஊகம்.

கோலா கரடி இந்த மரத்தில்தான் இருக்குமா?
– நாகர்கோவில், ஏழாம் வகுப்பு மாணவி

கோலா கரடியே இல்லை பாப்பா, கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம். எல்லா யூகலிப்டஸ் இலையையும் அது சாப்பிடாது, வாய்க்கு ருசியானதை மட்டும் தேடித் தேடித் தின்னும். விக்டோரியாவில் அதற்கு ரொம்பப் பிடித்தது மன்னா கம் என்ற வேறொரு யூகலிப்டஸ். மவுண்டன் ஆஷ் காட்டில் வேறொரு குட்டி விலங்குதான் நாயகன், கீழே வருகிறது.

யூகலிப்டஸ் எண்ணெய் மரம், சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அடிக்கடி காட்டுத்தீ. அப்படியிருக்க முந்நூறு, நானூறு வயது மரம் எப்படி இருக்க முடியும்? தீ வந்தால்தான் இந்த மரமே முளைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அது உண்மையா?
– மதுரை வாசகர்

வந்த கடிதங்களில் விஷயத்தின் நடுவில் கை வைத்தது உங்கள் கடிதம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான யூகலிப்டஸ் மரங்கள் தீயில் கருகினாலும் சாகாது. பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு, கரிக்கட்டை மாதிரி நிற்கிற மரத்திலிருந்தே சில வாரங்களில் துளிர் தள்ளும். பலவற்றுக்கு வேரும் தண்டும் சேரும் இடத்தில் கிழங்கு போல ஒரு புடைப்பு இருக்கும், அதிலிருந்தும் கிளம்பும். நீலகிரிக்காரர்களுக்கு இது தெரியும், கற்பூர மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளை திரும்ப வரும். மவுண்டன் ஆஷுக்கு அந்தக் கிழங்கு கிடையாது. பட்டையும் மெலிசு. உச்சிவரை ஏறுகிற கடுமையான தீ வந்தால் மரம் செத்துப்போகும், அவ்வளவுதான்.

ஆனால் அது தன் விதைகளை மேலே, உச்சிக் கிளைகளில், கட்டை மாதிரி இறுகிய சின்னச் சின்னக் காய்களுக்குள் வைத்திருக்கிறது. தீ மரத்தைக் கொன்ற சில நாட்களில் காய்கள் வெப்பத்தில் காய்ந்து வாய் திறந்து விதைகளைக் கொட்டும். கீழே என்ன இருக்கும்? புதர் எரிந்து, பெரணி எரிந்து, வெறும் சாம்பல் மெத்தை, அதற்கு மேலே தடையில்லாத வெயில். மவுண்டன் ஆஷ் கன்றுக்கு நிழலே ஆகாது, தாய்மரத்தின் நிழலில்கூட அது பிழைக்காது. ஆக, பெரியவர்கள் மொத்தமாகச் செத்த இடத்தில் பிள்ளைகள் மொத்தமாக எழுந்திருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே வயது, ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் போட்டி போட்டுக்கொண்டு வளர்வார்கள், தோற்றது வழியிலேயே காய்ந்துவிடும். எல்லாத் தீயும் இப்படிக் கொல்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மிதமான தீயில் சில பெரிய மரங்கள் தப்பிவிடும், அதனால் ஒரே காட்டில் இரண்டு மூன்று தலைமுறை சேர்ந்து நிற்பதும் உண்டு.

உங்கள் வீடியோ இதுவரை சரியாகத்தான் சொன்னது. அது சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. முளைத்த மரம் போதுமான விதை பிடிக்க 15 முதல் 20 வருஷம் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால்? மரமும் செத்தது, கொட்ட விதையும் இல்லை. அந்த இடத்தை வாட்டில் பிடித்துக்கொள்ளும், மவுண்டன் ஆஷ் அங்கே முடிந்தது. இந்தப் பக்கம் தீயே வராமல் நானூறு ஐந்நூறு வருஷம் போனாலும் சிக்கல்தான். கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாக விழ, நிழலில் வளரத் தெரிந்த மழைக்காட்டு மரங்கள் மெல்ல இடத்தை எடுத்துக்கொள்ளும். பெரிய தீ இயல்பாக 75 முதல் 150 வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த இடம் இது என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மரத்தின் வாழ்க்கை முறையே அந்த இடைவெளிக்குத் தைத்த சட்டை.

1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை உச்சத்துக்குப் போன காட்டுத்தீயில் விக்டோரியாவில் 71 பேர் செத்தார்கள், அந்தப் பருவத்தில் சுமார் 20 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இன்று மெல்பர்னுக்குக் கிழக்கே நிற்கும் மவுண்டன் ஆஷ் காட்டில் பெரும்பகுதி அந்தத் தீக்குப் பிறகு முளைத்ததுதான், அதாவது இன்னும் நூறு வயது ஆகவில்லை. 2009 பிப்ரவரி 7-இல் மறுபடி வந்தது, 173 உயிர்கள், மேரிஸ்வில் ஊரே காலி. எழுபது வருஷ இடைவெளி என்பதால் 1939-இல் முளைத்த மரங்களிடம் விதை இருந்தது, காடு எழுந்தது. இப்போது கவலை எல்லாம், பூமி சூடாகிக்கொண்டே போகும்போது தீக்கும் தீக்கும் நடுவில் இருபது வருஷம்கூடக் கிடைக்காமல் போவதுதான். ஏற்கெனவே விக்டோரியாவில் எரிந்த இடங்களில் விதை இல்லை என்று ஹெலிகாப்டரில் போய் விதை தூவிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை கிலோ விதையைச் சேகரித்து எத்தனை மலைக்குத் தூவுவது? ‘இந்தக் காட்டுக்குத் தீ நல்லதுதானே, வரட்டும்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மெல்பர்னில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் கூடலூர் பக்கம். ஊரில், யூகலிப்டஸ் தண்ணீரை உறிஞ்சி ஊற்றையே வற்ற வைத்துவிட்டது என்று திட்டி வளர்ந்தோம். இங்கே வந்து பார்த்தால், நம் குழாயில் வருவது யூகலிப்டஸ் காட்டுத் தண்ணீர், அந்தக் காட்டைத் தொடாதீர்கள் என்று பேசுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
– மெல்பர்ன் வாசகி

இரண்டு ஊர்க்காரர்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் அம்மா.

உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு, ஊருக்குக் கிழக்கே ஆளே போகக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கும் 1,50,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட மலைக்காட்டில் விழுகிற மழை. அதில் முக்கியமான பகுதி மவுண்டன் ஆஷ் காடு. 1939 தீக்குப் பிறகு அங்கே ஒரு விநோதம் நடந்தது. எரிந்த மலைகளிலிருந்து வரும் ஓடைகளில், காடு நன்றாக வளர வளர, தண்ணீர் குறைந்துகொண்டே போனது. நீரியல் ஆய்வாளர்கள் பல வருஷம் எடுத்த கணக்கை வைத்து, குச்செரா என்பவர் 1980-களில் அதை ஒரு வளைகோடாகவே வரைந்து காட்டினார். முதிர்ந்த காடு எரிந்து இளங்காடு வந்தால், அது இருபது முப்பது வயதாகும்போது ஓடைக்கு வரும் தண்ணீர் பாதி வரை குறைகிறது. பழைய அளவுக்குத் திரும்ப நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். காரணம், இளங்காட்டில் மரங்கள் நெருக்கம், நீர் ஏற்றும் இளங்கட்டை அதிகம், இலைப்பரப்பும் அதிகம், எல்லாம் வெறியோடு வளரும் பருவம். இருநூறு வயதுக் காட்டில் மரங்கள் எண்ணிக்கையில் குறைவு, அவசரமும் குறைவு, மழையில் கணிசமான பங்கை ஓடைக்கு விட்டுவிடும்.

இப்போது நீலகிரிக்கு வாருங்கள். அங்கே மேட்டுப்பகுதியின் இயற்கை என்ன? புல்வெளி, மடிப்புகளில் சோலை. புல் எவ்வளவு குடிக்கும்! அந்தப் புல்வெளியில் புளூ கம்மை நட்டார்கள். நட்டதோடு விட்டார்களா, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி வளரவிட்டு, மறுபடி வெட்டினார்கள். அதாவது மரம் தன் தாகம் அதிகமாக இருக்கும் வயதைத் தாண்ட விட்டதே இல்லை. கிளென்மார்கனில் ஊட்டி மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை வைத்து இதை அளந்தே பார்த்தது. ஒன்றைப் புல்வெளியாக விட்டு, இன்னொன்றில் பாதிக்கு மேல் புளூ கம் நட்டார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் நீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம். வேரோடு இருந்த பழைய அடிக்கட்டைகள் இன்னும் வேகமாக இழுத்தன.

ஆக, மரத்தைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, நட்டவர்களையும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவர்களையும் திட்டுங்கள், சேர்ந்து நானும் திட்டுகிறேன். அதற்காக மரத்தை நல்லவன் ஆக்கி நீலகிரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. புல்வெளி இருந்த இடத்தில் புல்வெளிதான் இருக்க வேண்டும்.

இந்தக் காட்டில் ஏதோ அபூர்வ விலங்கு இருக்கிறது என்று சென்ற இதழில் சொன்னீர்களே, அது என்ன? அதற்கு இந்த மரம் எதற்கு?
– தஞ்சாவூர் வாசகி

சென்ற இதழில், ‘இந்தக் காட்டில் ஓர் அபூர்வ விலங்கும் இருக்கிறது’ என்று அடைப்புக்குள் போட்டிருந்ததைப் பிடித்துவிட்டீர்கள். லெட்பீட்டர் போசம், இதுவும் கோலா மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம்தான். அணிலைவிடச் சற்றுப் பெரிது, வாலோடு சேர்த்து ஒரு அடி சொச்சம், எடை நூற்றுச் சொச்சம் கிராம். இரவில் மட்டும் வெளியே வரும், வாட்டில் மரத்துப் பிசினை நக்கித் தின்னும். ஒரு குடும்பத்தில் பெண்தான் அதிகாரம், எல்லையைக் காப்பதும் அவள்தான். 1867-இல் அறிவியல் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு காணாமல் போய், அழிந்தேவிட்டது என்று எழுதி முடித்த நேரத்தில், 1961-இல் மேரிஸ்வில் பக்கத்துக் காட்டில் எரிக் வில்கின்சன் என்பவர் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்தார். விக்டோரியாவின் மாநில விலங்காகவும் ஆனது. அப்புறமும் நிலைமை சரியாகவில்லை, 2015 முதல் அழியும் விளிம்பில் உள்ளவை பட்டியலில் இருக்கிறது.

மரம் எதற்கு என்றால், குடியிருக்கப் பொந்து வேண்டும். நம் காட்டில் மரங்கொத்தி இருக்கிறது, டொக் டொக்கென்று கொத்திப் பொந்து போட்டுவிட்டுப் போகும், பிறகு கிளியோ மைனாவோ குடி வரும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது! கிளை முறிந்து, பூஞ்சை பிடித்து, கரையான் தின்று, தானாகப் பொந்து விழ வேண்டும். மவுண்டன் ஆஷில் அதற்கு 120 வருஷமாவது ஆகும், குடும்பமாகத் தங்கும் அளவுக்கு நல்ல பொந்து என்றால் இன்னும் அதிகம். 1939-இல் செத்து நின்ற பெரிய மரங்களின் பொந்துகளில்தான் இத்தனை நாள் இந்த விலங்குகள் வாழ்ந்தன. அந்தப் பட்ட மரங்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. 1939-இல் முளைத்தவை 120 வயதைத் தொட 2059 ஆகும். நடுவில் இருக்கிற இந்தப் பொந்தில்லாக் காலத்தை எப்படித் தாண்டுவது? மரப்பெட்டிகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், சங்கிலி ரம்பத்தால் மரத்தில் செயற்கைப் பொந்து குடைகிறார்கள். குடி வருகின்றன. ஆனால் பெட்டி சில வருஷத்தில் உளுத்துவிடும், மறுபடி ஏறிக் கட்ட வேண்டும்.

யூகலிப்டஸ் தைலம் இந்த மரத்திலிருந்தா எடுக்கிறார்கள்?
– திண்டுக்கல் வாசகர்

இல்லை. ஊட்டித் தைலம் புளூ கம் இலையில் காய்ச்சுவது. ஆஸ்திரேலியாவில் தைலத்துக்கென்று புதர் மாதிரி வளரும் வேறு இனங்களைப் பயன்படுத்துகிறார்கள். தொழிலாக முதலில் இதைத் தொடங்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளுநர், 1850-களில், மெல்பர்ன் பக்கத்து டாண்டினாங் ஓடைக்கரையில்.

சிட்னியில் தச்சு வேலை செய்கிறேன். தரைக்கு ‘டாஸ்மேனியன் ஓக்’ என்று ஒரு பலகை வரும், நல்ல பலகை. அது இந்த மரம்தான் என்று மேஸ்திரி சொன்னார். இப்போது வெட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாமே?
– சிட்னி வாசகர்

மேஸ்திரி சொன்னது சரி. மூன்று யூகலிப்டஸ் இனங்களின் பலகையை அந்தப் பெயரில் விற்கிறார்கள், மவுண்டன் ஆஷ் அதில் ஒன்று. பலகையாகப் போனதைவிடக் கூழாகிக் காகிதமாகப் போனதுதான் ஏராளம். டாஸ்மேனியாவின் பாயர் ஆலையில் 1941-இலேயே யூகலிப்டஸ் கூழில் செய்தித்தாள் காகிதம் செய்யத் தொடங்கினார்கள், அதுவரை அதற்கு ஊசியிலை மரம்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார்கள்.

சட்டம் பற்றி: விக்டோரியா மாநிலம் 2024 ஜனவரி 1 முதல் அரசு நிலத்தில் உள்ள இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டது. டாஸ்மேனியாவில் இன்னும் நடக்கிறது. நிறுத்தினதால் மில் ஊர்களில் வேலை போனது, அந்தக் குடும்பங்களின் வருத்தம் பொய்யில்லை. ஆனால் விக்டோரியாவின் மத்திய மலைப்பகுதியில் மிச்சமிருக்கும் முதிர்ந்த மவுண்டன் ஆஷ் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான். தீயும் கோடரியும் மாறி மாறி வேலை செய்ததில் வந்த கணக்கு அது. ‘வெட்டிவிட்டு எரிக்கிறோம், விதை போடுகிறோம், இயற்கைத் தீயும் அதைத்தானே செய்கிறது’ என்று வெட்டுகிறவர்கள் தரப்பில் சொல்வார்கள். இயற்கைத் தீ, செத்த மரத்தையாவது நிற்க வைத்துவிட்டுப் போகும். அந்தப் பட்ட மரத்தில்தான் போசம் குடியிருந்தது என்று மேலே சொன்னேன். லாரியில் ஏற்றிவிட்டால் அதுவும் இல்லை. இன்னொன்று, 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் விக்டோரியாவின் ஓஷானசி நீர்ப்பிடிப்புப் பகுதியின் பழைய மவுண்டன் ஆஷ் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 1,867 டன் கார்பன் சேர்ந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதுவரை உலகத்தில் அளந்த எந்தக் காட்டிலும், அமேசானிலும்கூட, அவ்வளவு இல்லை. செத்து விழுந்து கிடக்கும் பெரிய கட்டைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

இவ்வளவு பெரிய மரத்தில் யாராவது உச்சிவரை ஏறியிருக்கிறார்களா?
– ஈரோடு வாசகர்

கயிறு கட்டி ஆய்வாளர்கள் ஏறுகிறார்கள், நாடா போட்டு அளப்பதற்கும் அதுதான் வழி. நாமும் ஏறுகிற மாதிரி வேண்டுமென்றால் அது வேறு யூகலிப்டஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் காரி மரம். பெம்பர்டன் ஊரில் 1940-களில் தீயைக் கண்காணிக்க ஒரு காரி மரத்தைச் சுற்றி இரும்புக் கம்பிகளை அடித்து, ஐம்பது மீட்டருக்கு மேலே பரண் கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் பல வருஷம் அதில் ஏறினார்கள். கீழே வலைகூடக் கிடையாது. எனக்கு மொட்டை மாடியே தலை சுற்றும்.

ஏற்காட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இந்த மரத்தின் விதை கிடைத்தால் நட்டுப் பார்க்கலாமா?
– சேலம் மாவட்ட வாசகர்

வேண்டாம். வருவது சந்தேகம், வந்தால் இன்னும் மோசம். நூறு மீட்டர் மரம் வேண்டுமென்றால் அந்தக் குளிரும் ஆழமண்ணும் பனிமூட்டமும் சேர்ந்து வேண்டும், ஏற்காடு அதற்குப் போதாது.

அதைவிட ஒரு சங்கதி சொல்கிறேன். மவுண்டன் ஆஷ் காட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இயல்பாக வளர்கிற மூன்று மரங்கள் உண்டு: சில்வர் வாட்டில், பிளாக் வாட்டில், பிளாக்வுட். அங்கே அவை தீக்குப் பிறகு வேகமாக வந்து, மண்ணில் தழைச்சத்து சேர்த்து, போசத்துக்குப் பிசின் கொடுத்து, பெரிய மரம் மேலே போனதும் ஒதுங்கிக்கொள்ளும். தின்ன ஊர்ப்பூச்சி இருக்கிறது, பிடிக்க ஊர்ப்பூஞ்சை இருக்கிறது. அதே மூன்றும்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் சீகை, வாட்டில் என்று சொல்லித் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் மரங்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும், விறகு வேண்டும் என்று கொண்டுவந்தோம், புல்வெளியை மூடிவிட்டது. ஏற்காட்டில் நிலம் இருந்தால் அந்த மலைக்குச் சொந்தமான நாட்டு மரம் எது என்று பக்கத்து நாற்றங்காலில் கேட்டு நடுங்கள்.

மகள் மெல்பர்னில் இருக்கிறாள், ஜூலையில் போகிறோம். வயதானவர்கள் நாங்கள், மலையேற முடியாது. இந்த மரத்தைப் பார்க்க வழி உண்டா?
– மயிலாப்பூர் தம்பதி

தாராளமாக. நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் டாண்டினாங் மலை. அங்கே ஷெர்புரூக் காட்டில் நடைபாதை நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உள்ளே போனாலே மவுண்டன் ஆஷ்தான். ஜூலை குளிர்காலம், லயர்பேர்ட் என்ற பறவை வாலை விரித்து ஆடிக்கொண்டு மற்ற பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே போடும் பருவமும் அதுதான். காலையில் சீக்கிரம் போனால் கேட்க வாய்ப்பு அதிகம். நடக்கவே வேண்டாம் என்றால் பெல்கிரேவ் நிலையத்திலிருந்து பஃபிங் பில்லி என்ற நீராவி ரயில் இந்தக் காட்டுக்குள் போகிறது, நம் ஊட்டி ரயிலில் உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பிடிக்கும். இன்னும் பெரிய காடு வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி ஹீல்ஸ்வில்லிலிருந்து நார்பீதாங் போகிற பிளாக் ஸ்பர் சாலையில் காரை விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நேராக எழும்பி நிற்கும், அடியில் மரப்பெரணி. டாஸ்மேனியாவுக்கும் போவதாக இருந்தால் மவுண்ட் ஃபீல்ட் தேசியப் பூங்கா, ஹோபார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், உயர மரங்களுக்கென்றே ஒரு சின்ன நடைபாதை இருக்கிறது.

பலத்த காற்று அடிக்கிற நாளில் மட்டும் போக வேண்டாம். 2021 ஜூனில் அடித்த புயலில் டாண்டினாங் மலையில் இந்த மரங்கள் வீடுகள் மேலேயே சாய்ந்தன. பூங்காக்காரர்கள் பாதையை மூடியிருந்தால் சுற்றிக்கொண்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிடுங்கள். ஸ்வெட்டரோடு மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காடு என்பதால் அட்டை இருக்கும், முழுக்கால் சாக்ஸ் போட்டு, ஒரு பொட்டலம் உப்பு கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.